சென்னையிலிருந்து தரங்கம்பாடி: ஒரு இரவு, இரண்டு பகல் – முழுமையான வழிகாட்டி

தரங்கம்பாடிக்குப் போய் ஏமாந்து திரும்பியவர்கள் நிறையப் பேர். வேளாங்கண்ணிக்கோ திருநள்ளாற்றுக்கோ போகும் வழியில் மதியம் ஒரு மணிக்கு வேனை நிறுத்துவார்கள். டேனியர், அதாவது டென்மார்க் நாட்டவர், அந்தக் காலத்தில் கட்டிய கடலோரக் கோட்டையை உச்சி வெயிலில் சுற்றுவார்கள், நாலு படம் எடுப்பார்கள், "இவ்வளவுதானா?" என்று ஏறிவிடுவார்கள். ஊர் சின்னது என்பது உண்மை. நகர வாயிலிலிருந்து கடல் வரை நிதானமாக நடந்தாலும் பத்து நிமிடம்தான். அதனால் இங்கே எந்த இடத்துக்குப் போகிறோம் என்பதைவிட எந்த நேரத்தில் போகிறோம் என்பதுதான் முக்கியம். ஒரு இரவாவது தங்கினால் ஒரு விடியலும் இரண்டு மாலைகளும் கிடைக்கும். அதற்கு ஏற்றபடிதான் இந்தத் திட்டம்: வெள்ளி இரவு சென்னையில் கிளம்பி, திங்கள் காலை வேலைக்குத் திரும்புவது.

எந்த மாதம்?

ஜனவரியிலிருந்து மார்ச் நடு வரை முதல் தேர்வு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, சுற்றிலும் வயல் பச்சையாகவோ அறுப்புக்குத் தயாராகவோ இருக்கும். அக்டோபர் நடு முதல் டிசம்பர் வரை தவிர்ப்பது நல்லது. மழை ஒருபுறம் இருக்க, வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானாலே கடற்கரைக்கு விடமாட்டார்கள். ஏப்ரல், மே மாதங்களில் போவதென்றால் காலை பத்து முதல் மாலை நாலு வரை அறைக்குள்ளேதான் என்று முடிவெடுத்துக்கொண்டு போங்கள்.

மீன் சாப்பிடுவதற்காகவே போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நாட்டுப் படகுகள் மட்டும்தான் போகும். மீன் கிடைக்காமல் போகாது. ஆனால் வகை குறையும், விலை ஏறும்.

முடிந்தால் பௌர்ணமியை ஒட்டிய வாரக்கடைசியைப் பிடியுங்கள். பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே நிலா கடலிலிருந்து எழும். அடுத்தடுத்த நாட்களில் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்திப் பிந்தி வரும். பௌர்ணமிக்கு மறுநாள் சனிக்கிழமையாக அமைந்தால் இன்னும் நல்லது. வானம் நன்றாக இருட்டிய பிறகு, ஏழு மணியை ஒட்டி, செம்பு நிறத்தில் நிலா வரும். காணும் பொங்கலும் ஆங்கிலப் புத்தாண்டும் வேண்டாம். அந்த இரண்டு நாளும் கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது.

போகும் வழி

சென்னையிலிருந்து சாலை வழியே சுமார் 280 கி.மீ. தரங்கம்பாடிக்கு இப்போது ரயில் கிடையாது. மயிலாடுதுறையிலிருந்து வந்துகொண்டிருந்த மீட்டர் கேஜ் பாதையை 1986இல் மூடிவிட்டார்கள். எனவே ரயிலில் மயிலாடுதுறை வரை, அங்கிருந்து சுமார் 30 கி.மீ. பேருந்து.

இரவு ரயில்தான் எங்கள் பரிந்துரை. தஞ்சாவூர் போகும் உழவன், மன்னார்குடி போகும் மன்னை, காரைக்கால் வண்டி ஆகியவை விழுப்புரம், கடலூர், சிதம்பரம் வழியாக மயிலாடுதுறையைத் தொடுகின்றன. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. வெள்ளி இரவுக்கும் ஞாயிறு இரவுக்கும் திறந்த அன்றே போட்டுவிடுங்கள், போகவும் வரவும் சேர்த்து. போகும் சீட்டு கிடைத்து, வரும் சீட்டு காத்திருப்புப் பட்டியலில் நிற்பதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் சிக்கல். வண்டி எழும்பூரில் கிளம்புகிறதா தாம்பரத்திலா என்பதைப் புறப்படும் நாளில் மறுபடி பாருங்கள். அது மாறிக்கொண்டிருக்கும்.

இரவு வண்டிகளில் ஒரு தொல்லை உண்டு. மயிலாடுதுறையில் விடிவதற்கு வெகு முன்பே இறக்கிவிடும். கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், சிதம்பரம் தாண்டினால் எழுந்துவிட வேண்டும். இறங்கியதும் இருட்டில் ஆட்டோ பேரம் பேசிக்கொண்டிருக்காமல் நிலையக் காத்திருப்பு அறையில் முகம் கழுவி, டீ குடித்து, ஐந்து மணிக்கு மேல் பேருந்து நிலையத்துக்குப் போனால் போதும். பொறையாறு அல்லது காரைக்கால் என்று பலகை போட்ட வண்டியில் ஏறி, செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் போகிறதா என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுமார் ஒரு மணி நேரப் பயணம். தரங்கம்பாடி நிறுத்தத்தில் இறங்கினால் கிழக்கே பார்த்து நடக்க வேண்டியதுதான், வாயில் தெரிந்துவிடும்.

பகலில் போக விரும்புவோருக்குக் காலை கிளம்பும் சோழன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஆனால் அரை நாள் வண்டியிலேயே போய்விடும். பேருந்து என்றால், சீட்டில் ஏறுமிடம் கிளாம்பாக்கமா கோயம்பேடா என்று பார்த்த பிறகே வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

காரில் போவோருக்கு ஆறு, ஏழு மணி நேரம். திண்டிவனம் வழியாகவோ ஈ.சி.ஆர். வழியாகவோ புதுச்சேரி, பிறகு கடலூர், சிதம்பரம், சீர்காழி, ஆக்கூர், திருக்கடையூர். புதுச்சேரி எல்லைக்குள் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு, அங்கேயே டேங்கை நிரப்பிக்கொள்ளலாம். மதுப்புட்டிகளை மட்டும் அங்கிருந்து தமிழ்நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. எல்லையில் சோதனைச் சாவடி உண்டு, காரைக்கால் பக்கமும் அப்படியே. காலைப் பலகாரத்துக்குச் சிதம்பரத்தில் நிறுத்தினால் கத்தரிக்காய் கொத்சு கேட்டுச் சாப்பிடுங்கள்.

சீர்காழியைத் தாண்டிய பிறகு இருட்டில் ஓட்டாமல் இருக்கும்படி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் சம்பா அறுப்பு நடக்கும்போது டெல்டாவின் சிறு சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள். சுற்றிலும் கல் அடுக்கியிருக்கும், இரவில் அது தெரியாது. பின்விளக்கு இல்லாத டிராக்டரும் அறுவடை எந்திரமும் அதே சாலையில் வரும். விடிகாலையில் பனிமூட்டம் வேறு.

எங்கே தங்குவது?

மூன்று வழிகள். முதலாவது, கோட்டைக்கு அருகிலேயே தங்குவது. கடலைப் பார்த்த பழைய பங்களாவையும் ஊருக்குள் சில பழைய வீடுகளையும் நீம்ரானா குழுமம் சீரமைத்து விடுதியாக்கியது. அறைகள் மிகக் குறைவு, வாடகை அதிகம். விடியலுக்கு எழுந்து செருப்பு மாட்டினால் கடல் என்ற வசதி வேறெங்கும் கிடைக்காது. இரண்டு மாதம் முன்பே கேட்க வேண்டும். இரண்டாவது, பொறையாறு. ஒட்டினாற்போல் இரண்டு கி.மீ. தூரம்தான், ஊர்க்காரர்களின் கடைத்தெரு அது. வாடகை மிதம், வசதியும் மிதம்.

மூன்றாவது, 15 கி.மீ. தெற்கே காரைக்கால் அல்லது எட்டு கி.மீ. வடமேற்கே திருக்கடையூர். திருக்கடையூரில் ஊரின் அளவுக்கு மீறி விடுதிகள் உண்டு, அறுபதாம் கல்யாணத்துக்கும் சதாபிஷேகத்துக்கும் வருகிற குடும்பங்களுக்காகக் கட்டியவை. அந்தச் சடங்குகளை அவரவர் நட்சத்திர நாளை வைத்துச் செய்வதால் எந்த நாள் நிரம்பும் என்று ஊகிக்க முடியாது. "நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று போகாதீர்கள்.

எங்கே பதிவு செய்தாலும் மூன்று கேள்விகளை முன்பே கேளுங்கள்: விடிகாலையில் வந்தால் பையை வைத்துவிட்டுக் குளிக்க இடம் தருவார்களா, இரவுச் சாப்பாட்டை எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும், கோட்டை அருங்காட்சியகம் அந்த வாரம் திறந்திருக்கிறதா. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. இரண்டாம் சனி, அரசு விடுமுறை நாட்களில் போவதாக இருந்தால் கேட்காமல் கிளம்பவே கூடாது.

சனிக்கிழமை

குளித்து, பொறையாற்றில் இட்லியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு ஏழரை மணிக்கு நகர வாயிலில் இருங்கள். பழைய வாயில் பழுதானதால் ஆளுநர் பீட்டர் ஆங்கர் காலத்தில், 1792இல், இதைக் கட்டினார்கள். டென்மார்க் மன்னரின் முத்திரை மேலே இருக்கும். ஊரின் மேற்கு எல்லையில் நிற்பதால் காலையில் ஊரைப் பார்த்த பக்கத்திலும் மாலையில் சாலையைப் பார்த்த பக்கத்திலும் வெயில் விழும். படம் எடுப்பவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள். தவறான பக்கத்தில் நின்றால் வெள்ளைச் சுவர் சாம்பலாகத்தான் விழும்.

வாயிலிலிருந்து நேராகக் கடல் வரை போவது கிங்ஸ் தெரு. இதில் அவசரமே வேண்டாம். இரு பக்கமும் தூண் வைத்த பழைய வீடுகள், சிலவற்றில் பள்ளியும் கன்னியர் மடமும் நடக்கின்றன. அவை ஆட்கள் புழங்கும் இடங்கள், கேட்காமல் உள்ளே போகக் கூடாது. சீயோன் ஆலயம் 1701இல் டேனியருக்காகக் கட்டியது. புதிய எருசலேம் ஆலயம் 1718இல் தமிழ்ச் சபைக்காக எழுந்தது. சிலுவை வடிவக் கட்டடம், முகப்பில் நாலாம் பிரெடரிக் மன்னரின் முத்திரையும் ஆண்டும் இருக்கும். இதைக் கட்டிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று, 24ஆம் வயதில், சக பாதிரியார் புளுட்சோவுடன் இங்கே வந்து இறங்கியவர். மணலில் தமிழ் எழுத்துப் பழகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றார் என்பார்கள். ஆலயம் எழுந்த மறு வருடமே, 36 வயதில் இறந்தார். கல்லறை உள்ளே, பீடத்துக்கு அருகில். வார நாட்களில் கதவு பூட்டியிருந்தால் பக்கத்தில் விசாரித்தால் திறந்துவிடுவார்கள். செருப்பை வெளியே விடுங்கள்.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியே ஆக வேண்டும். "தமிழில் முதல் நூல் அச்சானது தரங்கம்பாடியில்" என்று வழிகாட்டிகள் பலர் சொல்வார்கள். அது சரியல்ல. 1578லேயே கொல்லத்தில் போர்த்துகீசியப் பாதிரிமார் தமிழில் அச்சிட்டுவிட்டார்கள். தரங்கம்பாடியின் பெருமை வேறு. நடுவில் நின்றுபோயிருந்த தமிழ் அச்சு இங்கே மீண்டும் உயிர்பெற்றது. 1712இல் அச்சுப்பொறி வந்தது, பிறகு தமிழ் எழுத்துகள் வந்தன, 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சேறியது. காகிதத் தட்டுப்பாடு வந்தபோது பொறையாற்றில் காகிதப் பட்டறையும் போட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் இந்தத் தெரு வேறு மாதிரித் தெரியும்.

பத்து மணிக்குக் கோட்டைக்குள் போய்விடுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அருங்காட்சியகத்தை மூடுவார்கள், அந்த நேரத்தில் வருகிற கூட்டம்தான் பூட்டைப் பார்த்துத் திரும்புவது. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் ஒப்பந்தம் செய்துகொண்டு டேனியத் தளபதி ஓவே ஜெட்டே கட்டத் தொடங்கிய கோட்டை இது, டான்ஸ்போர்க் என்று பெயர். 1845இல் ஆங்கிலேயரிடம் விற்கும் வரை டேனியர் கையில் இருந்தது. கீழ்த்தளத்தில் வளைந்த கூரையோடு கிடங்குகள், சமையலிடம், சிறை. மேல்தளத்தில் ஆளுநரும் வணிகரும் இருந்தார்கள். முதலில் கீழ் அறைகள், பிறகு மேலே என்று போங்கள். கீழ்த்தளத்தின் குளிர்ச்சியை உணர்ந்துவிட்டு மேலே போனால்தான், தடித்த செங்கல் சுவரும் வளைகூரையும் எதற்காக என்று புரியும். அருங்காட்சியகத்தில் டேனிய ஆவணங்கள், சீனப் பீங்கான், வாள், விளக்கு எல்லாம் இருக்கும், முக்கால் மணி நேரம் போதும். நுழைவுக் கட்டணம் சிறு தொகைதான், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். மதில் மேல் ஏறினால் சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள். முதியவர்களுக்கு மேல் படிகள் சிரமம். அவர்கள் கீழே மைதானத்தில் கடலைப் பார்த்து உட்காரலாம்.

பன்னிரண்டுக்குச் சாப்பாடு, பிறகு நாலு மணி வரை தூக்கம். இதைத் தவிர்க்க நினைக்காதீர்கள். ரயிலில் அரைத் தூக்கம் தூங்கி வந்தவர்களுக்கு மாலையை அனுபவிக்கும் தெம்பு இதிலிருந்துதான் வரும்.

நாலரைக்குக் கடலிலிருந்து வரும் கொண்டல் காற்று நன்றாக வீசத் தொடங்கியிருக்கும். கோட்டையிலிருந்து வடக்கே கரையோரம் நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்தது. இந்த ஊரைச் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்று சொல்வது இந்தக் கோயில் கல்வெட்டுதான். முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. கரையில் பெரிய பாறைகளைக் கொட்டிய பிறகே அரிப்பு மட்டுப்பட்டது. டேனியர் வருவதற்கு முன்னூறு வருடத்துக்கு முந்திய துறைமுகம் இது என்பதற்குச் சாட்சியாக நிற்பதால், இதைப் பார்க்காமல் கோட்டையோடு திரும்புவது பாதி ஊரைப் பார்த்ததாகத்தான் ஆகும். ஐந்தரைக்குக் கிங்ஸ் தெரு வழியே திரும்பி வாயிலின் வெளிப்பக்கத்துக்கு வந்தால் மாலை வெயில் அதன் மேல் நேராக விழும். ஏழு மணிக்கு மறுபடி கடலோரம்.

இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள். கோட்டைப் பக்கம் தள்ளுவண்டி சுண்டல், மீன் வறுவல் தவிரப் பெரிதாக எதுவும் கிடைக்காது, அதுவும் இருட்டியதும் கட்டிவிடுவார்கள். பொறையாற்றுக் கடைகளும் சென்னை நேரத்துக்குத் திறந்திருக்காது.

கடலில் இறங்கலாமா?

நீந்த இறங்க வேண்டாம். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தே இல்லை. கரையில் நீர் ஆழம் திடீரென்று கூடுகிறது, கடலுக்குள் நீட்டியிருக்கும் பாறைக் குவியல்கள் அதை இன்னும் மோசமாக்குகின்றன. அலை கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் திரும்பிப் போக வழி தேடி, பாறையை ஒட்டிக் கடலுக்குள் வேகமாக ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது, தண்ணீர் அமைதியாகத் தெரியும். அமைதியாக இருக்கிறதே என்று அங்கே இறங்குகிறவர்களைத்தான் அது இழுக்கிறது. அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடக் கூடாது, கரைக்கு இணையாகப் பாறையிலிருந்து விலகி நீந்தி, இழுப்பு விட்ட பிறகு திரும்ப வேண்டும். கால் நனைப்பது முழங்கால் வரை போதும். பாசி படிந்த பாறைகளில் ஏறிச் செல்ஃபி எடுப்பதும் வேண்டாம், வழுக்கினால் பிடிக்க எதுவும் இராது.

2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையைக் கடுமையாகத் தாக்கியது. மீனவர் தெருக்களில் அந்த இழப்பு இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி வேடிக்கையாகக் கேள்வி கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை

சூரிய உதயம் ஜனவரியில் ஆறரையை ஒட்டி, ஜூனில் ஐந்தே முக்காலை ஒட்டி. அரை மணி முன்பே கரையில் இருங்கள். வானம் நிறம் மாறுவது உதயத்துக்கு முந்திய இருபது நிமிடங்களில்தான். கைவிளக்கு ஒன்று எடுத்துப் போங்கள். வெளிச்சம் வந்ததும் படகுகள் வரும். மீன் வாங்க வேண்டுமானால் ஏலம் முடியும் வரை ஒதுங்கி நின்று, பிறகு பெண்களிடம் கேளுங்கள். ஏலத்தின் நடுவே விலை கேட்டால் அவர்கள் பிழைப்பு கெடும். விடுதியில் சமைத்துத் தருவார்களா என்று முந்தின இரவே பேசி வைத்திருக்க வேண்டும்.

பலகாரத்துக்குப் பிறகு, எட்டரைக்கு ஓர் ஆட்டோவை அரை நாளைக்குப் பேசிக்கொள்ளுங்கள். எத்தனை இடம், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் திரும்பும்போது தகராறு வராது. முதலில் தில்லையாடி. தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, 1914இல் 16 வயதில் உயிர்விட்ட வள்ளியம்மையின் பூர்வீக ஊர். நினைவு மண்டபம் இருக்கிறது. 1915இல் காந்தி இங்கே வந்தார். பிறகு அனந்தமங்கலம், மூன்று கண்ணும் பத்துக் கையும் உள்ள ஆஞ்சநேயர். கடைசியாகத் திருக்கடையூர். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் பதினொன்றுக்குள் உள்ளே இருக்க வேண்டும். பூம்புகாரையும் இதே நாளில் சேர்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். சேர்த்தால் மாலைக் கடல் போய்விடும். அதற்கு இன்னொரு பயணம் வையுங்கள்.

மதியம் அறையைக் காலி செய்து பையை வரவேற்பில் விட்டுவிடுங்கள். மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை மீண்டும் கடற்கரை. ஏழரைக்குள் மயிலாடுதுறைப் பேருந்தில் ஏறிவிட வேண்டும். ரயில் இரவு வெகு நேரம் கழித்துத்தான் வரும், ஆனால் பேருந்துகள் அதற்கு முன்பே குறைந்துவிடும். மயிலாடுதுறையில் இரவு உணவுக்குக் கடைகள் உண்டு.

பையில்

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது குடை, கொசுவர்த்தி அல்லது பூச்சு, கைவிளக்கு, கோயிலுக்கும் ஆலயத்துக்கும் ஏற்ற உடை, கழற்றி மாட்ட எளிதான செருப்பு. ரொக்கம் ஆளுக்கு இரண்டாயிரமாவது சில்லறையோடு. ஏ.டி.எம். பொறையாற்றில்தான், கடலோரத்தில் கைப்பேசிப் பணமும் சில நேரம் போகாது.

கருவாடு வாங்கினால் கையில் அழுத்திப் பாருங்கள். நன்றாகக் காய்ந்தது வளையாமல் விறைப்பாக இருக்கும், மெத்தென்று அமுங்கினால் ஈரம் உள்ளே நிற்கிறது, சென்னை வருவதற்குள் பூத்துவிடும். செய்தித்தாளில் இரண்டு சுற்று, அதன்மேல் பிளாஸ்டிக் பை, பிறகு இறுக மூடும் எவர்சில்வர் டப்பா. டப்பாவை வீட்டிலிருந்தே கொண்டு போய்விடுங்கள், இரவு முழுவதும் அதே பெட்டியில் மற்றவர்களும் தூங்க வேண்டும்.